ராஜ முத்திரையில் ஒரு விரிசல்

வார்சா,
புனித மார்த்தீனார் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள தெக்லா அக்காவுக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். பிரிக்காமலே அடுப்பில் போட்டிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே பிரித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய சண்டையை இங்கே இழுக்கவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று, சாப்பாட்டு மேசையில் நான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவும் நீயும் சிரித்ததை மறக்கவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விஷயம் இதுதான். உன் தம்பி புத்தகம் எழுதுகிறான். பதினான்கு வருடமாக ராஜாவின் எழுத்தறையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதை நகல் எடுத்தவன் இப்போது சொந்தமாக எழுதுகிறான். முத்திரை மந்திரி என்னும் பதவியின் வரலாறு. ஆதியில் அந்த இடத்தில் இருந்த ஆயர்கள் தொடங்கி இன்றுவரை. இப்படி ஒரு புத்தகம் வேண்டும் என்று மேலிடம் கேட்டதும் எழுத்தறைத் தலைவர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். வேறு யாரை எடுப்பார்? இங்கே மற்ற எழுத்தர்களுக்கு முந்தாநாள் நடந்ததே ஞாபகத்தில் நிற்பதில்லை.

மூன்றாம் அத்தியாயம் எனக்கே மிகவும் பிடித்திருக்கிறது. ராஜாவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தத் தாள் சட்டத்துக்கு முரண் என்றால், இதில் முத்திரை வைக்க மாட்டேன் என்று சொல்ல மந்திரிக்கு உரிமை உண்டு. கையெழுத்து ராஜாவுடையது, முத்திரை ராஜ்யத்துடையது. இதை நான்கு பக்கத்துக்கு விளக்கியிருக்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயம் ராஜாவின் மரணம். ராஜா இறந்தால் அவருடைய முத்திரையும் அன்றே இறந்துவிடும். செய்தி வந்த கணத்திலிருந்து அதை எதிலும் பதிக்கக் கூடாது. பிறகு அடக்கத்தின்போது, கிராக்கோவ் பேராலயத்தில், செத்த ராஜாவின் கவசத்தை அணிந்த வீரன் குதிரையோடு உள்ளே வந்து தடாலென்று விழுவான். மந்திரி சவப்பெட்டியின் முன் நின்று முத்திரையை உடைப்பார். இந்த இடத்தில்தான் அப்பாவை உள்ளே கொண்டுவந்தேன். பெந்தெகொஸ்தே வாரம், ராஜா இறந்த செய்தி எழுத்தறைக்கு வந்தபோது முத்திரைக்கு மெழுகு உருக்கும் மெழுகுக்காரரான நம் அப்பாவின் கையில் பெரிய முத்திரை இருந்தது. துக்கத்தில் கை நடுங்கி அது கல் தரையில் விழுந்தது. அதில் செதுக்கிய கிரீடத்திலிருந்து கழுகின் இடது இறக்கை வரை மயிரிழை விரிசல். அன்றைய மந்திரி திட்டவில்லை. "இந்த ராஜ்யத்துல ஒருத்தனுக்காவது கை நடுங்குச்சே" என்று சொல்லித் தன் நரித்தோல் தொப்பியையே எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தார். அந்தத் தொப்பியைத்தான் இப்போதும் தலையில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அறை அவ்வளவு குளிர்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளாளுக்கு வாங்கி நகல் எடுக்கிறார்கள். உனக்கும் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. இந்த முறையாவது யாரும் சிரிக்காதீர்கள்.

மார்ச்சின் அத்தானுக்கு என் வணக்கம்.

கஸ்பர்


ஓல்ஷானி,
புனித அந்திரேயா நாள்

தம்பி கஸ்பருக்கு,

நீ அனுப்பிய நகல் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே உன் ஐந்தாம் அத்தியாயம் ஓல்ஷானிக்கு வந்துவிட்டது. ஸ்டாரோஸ்தாவின் வக்கீல் கொண்டுவந்தான்.

நீ ஊரை மறந்திருப்பாய், சொல்கிறேன். ராஜாவின் நிலங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஒரு ஸ்டாரோஸ்தா இருக்கிறான். மூன்று வருடமாக எங்களோடு வழக்கு. ஓல்ஷானிக்காரர்கள் வாரத்துக்கு மூன்று நாள், சொந்த மாட்டைப் பூட்டி, அவன் வயலை உழ வேண்டுமாம். வேண்டாம் என்று பழைய ராஜா கொடுத்த தோல் பத்திரம் எங்களிடம் இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் படையெடுத்து வந்து ஊரைக் கொளுத்தியபோது உன் அத்தான் அதைத் தன் தோல் பதனிடும் குழியில், மாட்டுத்தோல்களுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிப் புதைத்துக் காப்பாற்றினார். இன்றும் அதைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். ஆனால் அதனால்தான் இந்த ஊரில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை, அதனால்தான் அவரை மேயராக வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது வக்கீல் சந்தைத் திடலில் ஒரு பீப்பாய்மேல் ஏறி உன் பக்கத்தைப் படித்தான். நல்ல குரல் அவனுக்கு. அப்பா அழுத இடத்தில் பொம்பளைகள் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். படித்து முடித்துவிட்டு, "இப்ப மேயரய்யா உங்க பத்திரத்தைக் கொண்டாங்க, எல்லாரும் பார்க்கட்டும்" என்றான். உன் அத்தான் கொண்டுவந்தார். அதில் தொங்கும் மெழுகு முத்திரை இருக்கும் தகர டப்பியைத் திறந்தார்கள். கிரீடத்திலிருந்து இடது இறக்கை வரை கோடு ஓடுகிறது.

உனக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டாம். எங்கள் பத்திரத்தில் போட்டிருக்கும் தேதி அதே வருடம் ஈஸ்டருக்குப் பின் மூன்றாம் வாரம். ராஜா செத்தது ஏழாம் வாரம், பெந்தெகொஸ்தேயில். விரிசல் விழுந்தது அவர் செத்த பிறகு என்று நீ எழுதிவைத்திருக்கிறாய். அப்படியென்றால் எங்கள் பத்திரம், ராஜா செத்த பிறகு முன்தேதி போட்டுத் திருட்டுத்தனமாக முத்திரை வைத்தது. வைத்தவர் ஓல்ஷானியில் பிறந்த மெழுகுக்காரர். பிள்ளையே சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டான்.

வழக்கு முத்திரை மந்திரியின் மன்றத்தில் தவக்காலத்தின் நடுவில் வருகிறது. தோற்றால் வசந்தத்திலேயே ஏர் பூட்ட வேண்டும். ரொட்டிக்காரி நேற்று எனக்கு ரொட்டியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். உன் அத்தான் ஒரு வார்த்தை உன்னைத் திட்டவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆகவே நானே திட்டுகிறேன். எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டாய், எழுதிவிட்டாய், நன்றாக இரு.

தெக்லா


வார்சா,
புனித லூசியா நாள்

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை படிக்கத் தைரியம் இல்லை.

செய்ய முடிந்ததை எல்லாம் செய்தேன். எழுத்தறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பெரிய புத்தகத்தில் ஒரு பதிவு உண்டு. அந்த வருடப் புத்தகத்தைப் பார்த்தால் உங்கள் பத்திரம் எந்த நாளில் போனது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த வருடப் புத்தகம் இல்லை. ஸ்வீடன்காரர்கள் படகில் ஏற்றிக்கொண்டு போனவற்றில் அதுவும் ஒன்று. அலமாரியில் அதன் இடம் பல் விழுந்த ஈறு மாதிரிக் காலியாக இருக்கிறது.

நகல்களைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். பதினோரு நகல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைவரிடம் போய் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். "நல்லாத்தானேய்யா இருக்கு, ஏன் எடுக்கிறே?" என்றார். காரணம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. வேதத்துமேல கைய வெச்சுச் சொல்லணும்" என்றார்.

எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும் அக்கா. எனக்குத் தெரிந்தது அப்பா சொன்ன கதை. அது உண்மை என்றால் அவர் கள்ள முத்திரை வைத்தவர். அவர் கள்ள முத்திரை வைக்காதவர் என்றால் அந்தக் கதை பொய். இரண்டில் எது நடந்தாலும் என்னுடைய அப்பா எனக்கு மிஞ்சப்போவதில்லை. ராத்தூக்கம் போய்விட்டது.

ஒரு கேள்வி. ஏழு வருடமாகக் கேட்க வேண்டும் என்று இருந்து, கோபத்தில் கேட்காமல் விட்ட கேள்வி. அன்றைக்கு அம்மா ஏன் சிரித்தாள்?

கஸ்பர்


ஓல்ஷானி,
மூவரசர் திருநாள்

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி. தொப்பியைக் கழற்றிவிடு, ஏன் என்று பிறகு தெரியும்.

அன்று நான் ஏன் சிரித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சிரித்தாள், அதனால் சிரித்தேன். அவள் சிரிப்பு அப்படி, பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்துவிடும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீ மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போனபின் கேட்கவும் தோன்றவில்லை.

நேற்று அம்மா அடுப்பங்கரையில் வாத்து இறகு உரித்துக்கொண்டிருந்தாள். காது பாதிதான் கேட்கிறது, கை மட்டும் இயந்திரம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அம்மா, அப்பா சாவுச் சாப்பாட்டுல கஸ்பர் முத்திரைக் கதை சொன்னானே, நீ ஏன் சிரிச்சே?"

"எந்தக் கதை?"

"அப்பா அழுதுகிட்டே கீழ போட்டாரே, அது."

"அவரு எங்க அழுதாரு?" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். இறகு மூக்கில் ஒட்டிக்கொண்டது. "சொன்னா யாரையாவது பிடிச்சிட்டுப் போவாங்களாடி?"

"யாரைப் பிடிப்பாங்க? அவரு செத்து ஏழு வருஷம் ஆச்சு."

"நான் இருக்கேனே."

கஸ்பர், முத்திரையை விரியவைத்தது நம் அம்மா.

அப்போது அவள் மந்திரி வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்தாள், நாமும் அங்கேயே பின்கட்டில் இருந்தோம். ராஜா செத்த அந்த வருடம் ஈஸ்டர் திங்களன்று, ஆம்பிளைகள் பொம்பளைகள்மேல் தண்ணீர் ஊற்றும் நாளில் அப்பா விடியற்காலையில் அம்மாவைக் கட்டிலோடு சேர்த்து நனைத்துவிட்டார். மறுநாள் செவ்வாய் பொம்பளைகள் முறை. அம்மா கிணற்று வாளியோடு படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவசரமாக ஏதோ பத்திரத்துக்கு முத்திரை வேண்டும் என்று, திருநாள் என்றும் பாராமல் அதை எடுத்துவர அப்பாவை அனுப்பியிருக்கிறார்கள். அவர் கையில் ஒரு பையோடு படியேறி வந்திருக்கிறார்.

"பையில ராஜா முத்திரை இருக்குன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ரொட்டின்னு நெனச்சேன். ஊத்திட்டேன். பை டொங்குன்னு படியில விழுந்துச்சு. ரொட்டி அப்படி விழாதேன்னு அப்பத்தான் தோணுச்சு."

இரண்டு பேரும் ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த விரிசலோடுதான் எல்லாப் பத்திரத்திலும் முத்திரை விழுந்தது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு ராஜா செத்தார். முத்திரையைச் சோதித்துப் பூட்டிவைக்கப் போகிறார்கள், மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அப்பாவுக்குக் குலை நடுங்கிவிட்டது. செய்தி சொன்ன ஆள் வாயை மூடுவதற்குள், அத்தனை பேர் பார்க்க, முத்திரையை இன்னொரு தடவை கீழே போட்டார். கதறிக்கொண்டே போட்டாராம். மந்திரி தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"வீட்டுக்கு வந்து தொப்பியக் கட்டில்ல வெச்சிட்டு ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்" என்றாள் அம்மா. "சாவுச் சாப்பாட்டுல அவன் அந்தக் கதையச் சொல்லச் சொல்ல, எனக்கு அவரு சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. சிரிக்காம என்ன பண்ணுவேன்? அதுக்கு மொதல் நாள் முழுக்க அழுது முடிச்சிருந்தேனே."

அப்பா கள்ளர் இல்லை, கஸ்பர். எங்கள் பத்திரம் ராஜா உயிரோடு இருந்தபோது நேர்மையாக முத்திரை வைத்தது. இதை மன்றத்தில் சொல்.

தெக்லா


வார்சா,
மெழுகுத்திரித் திருநாள்

அக்கா,

முதலில் நம்பவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஊருக்கு உதவ வேண்டும் என்று நீதான் அவள் வாயில் வார்த்தையைப் போட்டிருப்பாய் என்றுகூட எழுதத் தொடங்கினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஏன் கிழித்தேன் என்று சொல்கிறேன். எனக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஈஸ்டரில் அப்பா அடுப்புக்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அவருடைய சட்டை கயிற்றில் தொங்கி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொத்திறைச்சியும் பன்றிக்கொழுப்பும் மேசை நிறைய இருந்தன. நாற்பது நாள் கஞ்சியும் ஹெர்ரிங் மீனும் தின்றவர் அன்று எதையும் தொடவில்லை. அவர் பங்கையும் நான் தின்று வயிற்றுவலி வந்தது. வயிற்றுவலிதான் எனக்கு ஞாபகம் இருந்ததே தவிர, காரணம் இருபத்திரண்டு வருடம் கழித்துத் தபாலில் வருகிறது.

நம்புகிறேன். ஆனால் நான் நம்பி என்ன பயன்? மேயரின் மாமியார், மேயரின் மனைவி, மேயரின் மைத்துனன் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாளித் தண்ணீர்க் கதை சொன்னால் எந்த மன்றம் காது கொடுக்கும்? வக்கீல் கையில் நானே என் கையெழுத்தில் எழுதிய பக்கம் இருக்கிறது. கண்ணீரோடு இருக்கிறது.

ஒரே ஒரு வழி உண்டு. அந்த ஏழு வாரத்துக்குள் முத்திரை வைத்த வேறு ஒரு பத்திரம் வேண்டும். அதிலும் இதே கோடு இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் நம் ஆளாக இருக்கக் கூடாது. லூப்லின் கன்னியர் மடத்துக்கு ஒன்று போனது, மடத்தோடு எரிந்துவிட்டது. இன்னொன்றை வைத்திருந்த குடும்பமே இப்போது இல்லை. பதிவுப் புத்தகம் இல்லாமல் மற்றவை யார் யாரிடம் போயின என்று எனக்குத் தெரிய வழியில்லை. ராஜ்யம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்ட முடியாது.

தொப்பியை இப்போது போடுவதில்லை. தலை குளிர்கிறது.

கஸ்பர்


ஓல்ஷானி,
சாம்பல் புதன்

கஸ்பர்,

சுருக்கமாக எழுதுகிறேன், மீன் வண்டிக்காரன் வாசலில் நிற்கிறான். இவன் அத்தானின் ஆள், கடிதத்தைப் பிரிக்க மாட்டான்.

நீ ராஜ்யம் முழுக்கத் தேடிய பத்திரம் எங்கள் சந்தைத் திடலில் வருடா வருடம் சத்தம் போட்டுப் படிக்கப்படுகிறது. புனித அருளப்பர் திருநாளன்று ஸ்டாரோஸ்தா தன் நியமனப் பத்திரத்தை வெளியே எடுத்து, தான் யார் என்று எங்களுக்கு மறந்துபோகாதபடி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கச் செய்வான். தொப்பியைக் கழற்றிவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். பழைய ராஜா அவன் அப்பனுக்கும், அப்பனுக்குப் பின் அவனுக்கும் சேர்த்துக் கொடுத்தது. பன்னிரண்டு வருடமாக நின்று கேட்டிருக்கிறேன். கடைசி வரி எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம்: ஈஸ்டருக்குப் பின் நான்காம் வாரம், வியாழக்கிழமை.

அதே வருடம், எங்களுடையதற்கு ஒரு வாரம் பிந்தியது. முத்திரையை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை. விரிசல் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டு வராது.

யாரிடமும் மூச்சுவிடாதே. உன் தலைவரிடமும் வேண்டாம். தெரிந்தால் அவன் தன் முத்திரை இருக்கும் தகர டப்பியை ஆற்றில் போட்டுவிட்டுத் தொலைந்துவிட்டது என்பான். மன்றத்தில் திறக்கும்வரை அது அவனுக்கு வெறும் பெருமையாகவே இருக்கட்டும். அத்தான் வருகிறார், அவரோடு சேர்ந்து பேசிக்கொள். வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியது மட்டும் நீ. வெட்கப்படாமல் சொல்.

தெக்லா


வார்சா,
தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய்.

வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டார்கள். மந்திரி ஊரில் இல்லை, அவர் இடத்தில் ஒரு மூத்த நீதிபதி, வெள்ளை மீசை, பக்கத்தில் நான்கு பேர். அத்தான் புது பூட்ஸ் போட்டு வந்து கூடம் முழுக்கப் பதனிட்ட தோல் மணத்தைப் பரப்பினார். ஸ்டாரோஸ்தா பட்டு இடுப்புக்கச்சையோடு நாற்காலியில். வழக்குப் போடுகிறவன் தான் ஸ்டாரோஸ்தாதான் என்று நிரூபிக்க வேண்டும் என்பது மன்றத்து விதி. அதனால் அவனுடைய நியமனப் பத்திரம் தகர டப்பியோடு முதல் நாளிலிருந்தே நீதிபதியின் மேசைமேல் கிடந்தது. மூன்று வருடமாக அங்கே வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. யாரும் டப்பியைத் திறக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேதத்துமேல் கையை வைத்தேன். வக்கீல் என் பக்கத்தை எடுத்துப் படித்தான், திடலில் படித்த அதே குரலில் என்று அத்தான் பிறகு சொன்னார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"நான்தான்."

"உண்மையா?"

"நம்பித்தான் எழுதினேன். உண்மை இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஈஸ்டர் திங்கள், ஈஸ்டர் செவ்வாய், படிக்கட்டு, கதவு, வாளி, ரொட்டி என்று நினைத்த பை. பெந்தெகொஸ்தேயில் இரண்டாம் தடவை வேண்டுமென்றே போட்டது. தொப்பி. சொல்லும்போது தொப்பி என் கையில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா கொடுத்ததிலிருந்து பதினான்கு வருடம் அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொன்னேன். என் காது சிவந்தது எனக்கே தெரிந்தது.

வக்கீல் கூடத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஒரு ராஜ்யத்தோட முத்திரைய ஒரு சமையக்காரி வாளித் தண்ணி ஊத்தி உடைச்சாளாம். கேட்டுக்கங்க."

"ஈஸ்டர் செவ்வாய்ங்க" என்றேன். "உங்க வீட்டுல ஊத்த மாட்டாங்களா?"

நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் இருமினார். அவருக்கு ஊற்றுவார்கள் போலிருக்கிறது.

"கதை நல்லா இருக்கு, ஆதாரம் எங்கே?" என்றான் வக்கீல். அப்போதுதான் அத்தான் எழுந்தார். நிதானமாக, மாட்டுக்கு விலை சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்: "அய்யா, ஸ்டாரோஸ்தா அவங்க பத்திரம் ஈஸ்டருக்கு அப்புறம் நாலாவது வாரத்துது. எங்க வீட்டுக்காரிக்கு மனப்பாடம். அந்த டப்பியத் திறந்து பார்த்துட்டீங்கன்னா தேவலை."

ஸ்டாரோஸ்தா பாதி எழுந்தான். வக்கீல் கையை நீட்டினான். ஆனால் நீதிபதியின் கை பக்கத்தில் இருந்தது. டப்பியைத் திறந்தார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார், நம் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு மற்ற நான்கு பேரும் வந்து குனிந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, அக்கா. கிரீடத்திலிருந்து இடது இறக்கை வரை.

நீதிபதி ஸ்டாரோஸ்தாவைப் பார்த்தார். "விரிசல் ராஜா செத்த பிறகு விழுந்ததுன்னா, உங்க பத்திரமும் செல்லாது, நீங்க ஸ்டாரோஸ்தாவே இல்ல. முன்னாடியே விழுந்ததுன்னா, ஓல்ஷானி பத்திரமும் செல்லும், இந்த ஊரு உங்களுக்கு உழாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஸ்டாரோஸ்தா வக்கீலைப் பார்த்தான். கடைசியில் வக்கீல்தான், முன்னாடியே விழுந்ததாக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னான். சத்தமா சொல்லுங்க, எழுத்தர் எழுதணும் என்றார் நீதிபதி. சத்தமாகச் சொன்னான். எழுத்தர் எழுதினார். ஓல்ஷானி பத்திரம் செல்லும் என்று தீர்ப்பு. அத்தான் என்னைக் கட்டிப்பிடித்ததில் விலா எலும்பு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் எழுத்தறைத் தலைவர் கூப்பிட்டார். ராஜாவையே எதிர்த்து நின்ற மந்திரிகள் இருந்த பதவி இது. அதில் ஒரு மந்திரியை ஒரு மெழுகுக்காரன் ஏமாற்றித் தொப்பி வாங்கினான் என்று புத்தகத்தில் வரலாமா? "அழுதது இருக்கட்டும், வாளி வேண்டாம். மன்றத்துல சொன்னது மன்றத்தோட போகட்டும்" என்றார்.

முடியாது என்றேன். பொய்யான தாளில் முத்திரை வைக்க மாட்டேன் என்று சொல்வதுதான் அந்தப் பதவியின் உயிர் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நான்கு பக்கம் எழுதியவன் நான். ஐந்தாம் அத்தியாயத்தில் பொய் என்று தெரிந்தே ஒன்றை விட்டுவைத்தால் மூன்றாம் அத்தியாயத்தை யார் நம்புவார்கள்? வாளி இல்லாமல் புத்தகம் இல்லை என்றேன். ஈஸ்டர் முடியும்வரை வீட்டில் இருந்து யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். திரும்பிப் போகும்போது வேலை இருக்குமா தெரியாது. ஆனால் திருத்திய பக்கத்துக்கு இரண்டே நாளில் பத்தொன்பது நகல் போயிருக்கிறது. அழுகைக்குப் பதினொன்றுதான் போனது.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அப்பா ராஜ்யத்தின் துக்கத்தைச் சுமந்தவர் என்று நினைத்து வளர்ந்தேன். இப்போது அவர் பயந்துபோய் நாடகம் ஆடிய மனிதர். நேசம் குறையவில்லை. ஆனால் எந்த முகத்தை நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஈஸ்டருக்கு ஊருக்கு வரலாமா? நீ வரச் சொன்னால் வருகிறேன்.

உன் தம்பி,
கஸ்பர்


ஓல்ஷானி,
குருத்து ஞாயிறு

அன்புள்ள கஸ்பர்,

வரலாமா என்று கேட்கிறான் பார். உன் கட்டிலில் வைத்திருந்த வெங்காய மூட்டைகளை நேற்றே எடுத்துவிட்டேன்.

அத்தான் வந்து இறங்கிய அன்று தவக்காலம் என்பதால் கொண்டாட்ட மணி அடிக்கக் கூடாது என்றார் பங்குத்தந்தை. அவருக்கும் மேட்டில் அரை ஏக்கர் உண்டு, ஆகவே தாமே போய் அடித்துவிட்டார். ரொட்டிக்காரி ரொட்டியைக் கையில் கொடுக்கிறாள். நான் வாங்கிப் பலகையில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டேன். ஒரு தடவைதான், மனது ஆறிவிட்டது.

உன் திருத்திய பக்கத்தை அம்மாவுக்குக் காதோடு கத்திப் படித்தேன். முழுக்கக் கேட்டாள். "ஒரு வாளின்னா போட்டிருக்கான்?" என்றாள். ஆமாம், நீதானே சொன்னாய் என்றேன். தலையை ஆட்டினாள்.

"மொத வாளிக்கு ஒண்ணும் ஆகல. பையை மார்போட அணைச்சுக்கிட்டாரு, விடல. அப்புறம் என்னைப் பார்த்தாரு. நான் காலி வாளியோட நின்னது அவருக்கு அவ்வளவு சிரிப்பா வந்துச்சு. செவுத்துல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு, நிக்கவே முடியல. நான் பின்னாடி இன்னொரு வாளி வெச்சிருந்தேன். அதை ஊத்துனேன். சிரிச்சிட்டிருந்ததுல கை விட்டுப்போச்சு."

எந்த முகத்தை நினைத்துக்கொள்வது என்று கேட்டாயே. இதை நினைத்துக்கொள்.

புத்தகத்தில் திருத்திவிடு, வாளி இரண்டு. ஈஸ்டர் செவ்வாய்க்கு முன்னால் வந்து சேர். அம்மா கிணற்று வாளி இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், எதற்கு என்று கேட்டால் காது கேட்கவில்லை என்கிறாள்.

தெக்லா